பழைய வண்டியும் புது வர்ணமும்

நம் பாட்டனார் காலத்துத் துவிச்சக்கர வண்டியைப் போல உடலெங்கும் பெயர் சுமந்த வீட்டுப் பொருள் வேறொன்று இருந்ததாகத் தெரியவில்லை. தலைக்குழாயிலே தகட்டு இலச்சினை. சரிவுக் குழாயிலே பொன்னெழுத்து. செயின்வீலிலே வெட்டியெடுத்த உருவம். பின்சக்கரத்து ஹப்பிலே பொறித்த எழுத்தும் எண்ணும். இருக்கைத் தோலிலே அழுத்திய அச்சு. உண்பதற்கு வைத்திருந்த தட்டோ, படுப்பதற்கு வைத்திருந்த கட்டிலோ இத்தனை முறை தன்னைச் செய்தவனின் பெயரைச் சொன்னதில்லை. இப்படிப்பட்ட வண்டியைச் சுரண்டிப் புது வர்ணம் பூச முற்படுபவருக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. இப்பெயர்களை அப்படியே காப்பதா? வர்ணத்தோடு போகட்டும் என்று விடுவதா? போனவற்றைப் புதிதாக அச்சிட்டு மீண்டும் ஒட்டுவதா?

சிறிய சங்கடந்தான். ஆயினும் ஊவா மலைநாட்டிலே இன்று அது பலருக்கு நேர்கிறது. கொட்டகைகளிலும் பழைய லயங்களின் பின்புறங்களிலும் கிடந்த வண்டிகளுக்குத் திடீரென மதிப்பு வந்திருக்கிறது. உல்லாசப் பயணிகள் குவியும் ஊர்களில் அவற்றுக்கு மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசி, முன்னால் ஒரு கூடை கட்டி, அதிலே பூச்செடி வைத்து வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பூந்தொட்டிக்கு எந்தப் பெயர் இருந்தாலென்ன? ஓட்டுவதற்காகவும் வைத்திருப்பதற்காகவும் வண்டியைப் புதுப்பிப்பவரைப் பற்றியதே இக்கட்டுரை.

ஊவா சைக்கிளுக்கு ஏற்ற நாடன்று. பதுளையிலிருந்து எல்லவுக்குப் போகிறவர் ஆயிரம் அடிக்கு மேல் ஏறியாக வேண்டும். பாதி வழியில் மனிதன் வண்டியைத் தள்ளுவான். மீதி வழியில் வண்டி மனிதனைச் சுமக்கும். அப்படியிருந்தும் சைக்கிள் இங்கே வந்தது. புகையிரதம் 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் எட்டிய பின்னர், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய இங்கிலாந்துச் சாமான்கள் மலையேறுவது எளிதாயிற்று. தோட்டத்துக் கந்தோர் கிளாக்கர், கணக்கப்பிள்ளை, பாடசாலை ஆசிரியர், தபால்காரர் ஆகியோரின் வண்டியாக அது இருந்தது. துரைக்குக் கார் அல்லது மோட்டார் சைக்கிள், தொழிலாளிக்குக் கால். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு படியிலே நின்றவர்களின் அடையாளம் சைக்கிள். ஆகவே அதிலிருந்த பெயர் வெறும் வியாபாரக் குறியாக மட்டும் இருக்கவில்லை. ‘அவர் றலி வைத்திருக்கிறார்’ என்றால் அது ஒரு மனிதரைப் பற்றிய செய்தி.

அந்தப் பெயர்களின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. றலி, நொட்டிங்காம் நகரில் றலி வீதியிலே இருந்த ஒரு சிறு பட்டறை. 1888 இல் பிராங்க் போடன் என்பவர் கைக்கு வந்தபின் உலகெங்கும் பரவியது. அதன் அடையாளம் கொக்கின் தலை. இலச்சினைத் தகட்டிலே மட்டுமன்றிச் செயின்வீலிலும் கொக்குத் தலைகளை வெட்டிவைத்தார்கள். ஹம்பர் வண்டியின் செயின்வீலிலே வட்டமாக நிற்கும் ஐந்து சிறு மனிதர். றட்ஜ் வண்டியிலே விரித்த உள்ளங்கை. பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்ஹாமிலே 1861 இல் துப்பாக்கி செய்வோர் கூடி அமைத்த நிறுவனம். அதன் இலச்சினையிலே மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். ஹேர்க்கியூலிஸ், அதே நகரில் 1910 இல் கிரேன் சகோதரர் தொடங்கியது. எழுத்தறியாதவரும் தூரத்திலிருந்தே இன்ன வண்டியென்று சொல்லிவிட இந்த உருவங்கள் உதவின.

ஆனால் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதுபோல் உறுதியானதாக இருந்ததில்லை. ஹம்பர் சைக்கிளின் உரிமை 1932 இலேயே றலி நிறுவனத்துக்குப் போய்விட்டது. றட்ஜ் 1943 இல் போனது. பி.எஸ்.ஏ. சைக்கிள் 1957 இல் போனது. 1960 இல் றலியே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. ஹேர்க்கியூலிஸும் பிலிப்ஸும் ஏற்கெனவே அந்நிறுவனத்தின் கையில் இருந்தவை. அதன் பின்னர் ஒரே தொழிற்சாலைச் சட்டகத்துக்குச் சந்தைக்கேற்ப வெவ்வேறு பெயர் ஒட்டுவது வழக்கமாயிற்று. ‘ஹம்பர்தான் வண்டி, றலியெல்லாம் என்ன’ என்று தேநீர்க் கடையிலே வாதிட்டவர்கள் இருந்திருப்பார்கள். இருவர் வண்டியும் ஒரே நொட்டிங்காமிலிருந்து வந்திருக்கலாம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? நொட்டிங்காம் தொழிற்சாலையும் 2002 இல் மூடப்பட்டது. ஹேர்க்கியூலிஸ் பெயரோ கடல் கடந்து வந்து, 1949 இல் முருகப்பா குடும்பத்தார் சென்னைக்கருகில் அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலையிலே இரண்டாம் பிறவி எடுத்தது. பேர்மிங்ஹாமிலே மறைந்த பெயர் அம்பத்தூரிலே வாழ்கிறது. இவற்றுள் எது ‘அசல்’ பெயர் என்று கேட்டால் சற்று நின்றுதான் விடை சொல்ல வேண்டும்.

ஆகையால் பெயரைக் காப்பதா என்று கேட்பதற்கு முன், அது எவ்வாறு வண்டியிலே இடம்பெற்றிருக்கிறது என்று பார்ப்பது பயனுடையது. செயின்வீலிலே வெட்டிய கொக்கும், ஹப்பிலும் சட்டகத்திலும் பொறித்த எண்ணும் உலோகத்தின் பகுதிகள். வர்ணத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஸ்டேர்மி ஆர்ச்சர் ஹப்புகள் பலவற்றிலே செய்த ஆண்டும் மாதமும் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 54 என்றும் 3 என்றும் கண்டால் 1954 மார்ச் மாதம் என்று கொள்ளலாம். (ஹப் பின்னொரு நாள் மாற்றப்பட்டிருக்கவும் கூடும், சட்டகத்துக்குப் பிறந்தநாள் குறிப்பதற்கு முன் அதையும் எண்ணிக்கொள்க.) தலைக்குழாய்த் தகடு ஆணியடித்துப் பொருத்தியது; கழற்றலாம், மீண்டும் பொருத்தலாம். மூன்றாவதாக உள்ளவைதான் பாவப்பட்டவை. சரிவுக் குழாயின் பொன்னெழுத்துகள் காகிதத்தில் அச்சாகி, வார்னிஷ் தடவிக் குழாயின் மேல் ஒட்டி, காகிதத்தை நனைத்து உரித்தெடுக்க, எஞ்சி நின்ற மெல்லிய படலம். சட்டகத்தின் கறுப்பு எனாமலோ சூளையிலே சுட்டது. அது ஒரு மனித ஆயுளைத் தாங்கும். அதன் மேலிருந்த எழுத்து துடைக்கத் துடைக்கத் தேய்ந்து போகும். வண்டியைக் கண்ணுங் கருத்துமாக வைத்திருந்தவரின் வண்டியிலேதான் பெயர் முதலில் மறைந்தது.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த வேற்றுமை எளிதில் விளங்கும். அசாமின் கச்சார் பகுதியிலே தேயிலை பயிரிட்டுப் பின் பெல்பாஸ்ட் நகரிலே இயந்திரம் செய்யத் தொடங்கிய சாமுவேல் டேவிட்சன் தம் உலர்த்தும் இயந்திரத்துக்குச் ‘சிரொக்கோ’ என்று பெயரிட்டார். பாலைவனத்து வெப்பக் காற்றின் பெயர் அது. இரும்பிலே வார்த்த இயந்திரப் பெயர்களின் மேல் எத்தனை முறை பச்சையோ வெள்ளியோ பூசினாலும் எழுத்து மேடாக நிற்கும். பூசுகிறவன் விரும்பாவிட்டாலும் பெயர் பிழைத்துவிடும். சைக்கிளின் பொன்னெழுத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது பூசுகிறவனின் தயவில் வாழ்ந்தது.

பூசுகிறவனும் இந்நாட்டிலே ஓயாமல் பூச வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்பட்டது. 1970 முதல் 1977 வரை அந்தக் கட்டு மேலும் இறுகியது. புதிய இங்கிலாந்து வண்டி என்பது கனவாயிற்று. இருக்கும் வண்டியைச் செப்பனிட்டுக்கொண்டே ஓட்டினார்கள். டின்னில் வாங்கிய எனாமலைத் தூரிகையால் தடவினார்கள். கறுப்பு கிடைத்தால் கறுப்பு, பச்சை கிடைத்தால் பச்சை. இலச்சினைத் தகட்டைக் கழற்றாமலே அதன் மேலும் ஒரு தடவு தடவிவிட்டார்கள். அதன் பின் வந்தது உள்ளூர்க் கலைஞனின் வேலை. கடைப்பலகையும் கோயில் திருவிழாப் பலகையும் எழுதுகிற கை, சைக்கிளின் செயின் கவரிலும் உரிமையாளரின் முதலெழுத்துகளை எழுதியது. பக்கத்திலே ஒரு வேலோ தாமரையோ போட்டது. இவ்வாறு நொட்டிங்காமின் பெயர் மறைந்த இடத்திலே நம்மவர் பெயர் ஏறியது.

நம் கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது. புதுப்பிப்பவர்கள் ‘அசல் பெயர்’ என்று சொல்லும்போது தொழிற்சாலையின் பெயரையே நினைக்கிறார்கள். அதைத் திரும்பப் பெறுவது இன்று அரிதன்று. றலி, ஹம்பர் முதலியவற்றின் பழைய எழுத்துகளை அச்சொட்டாகப் போலச் செய்து இங்கிலாந்திலே விற்கிறார்கள், தபாலிலே வரவழைக்கலாம். செயின் கவரிலே பெயர் எழுதிய ஊர்க் கலைஞனின் எழுத்தை எந்தக் கடையிலே வாங்குவது?

பண்டாரவளையிலே ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவரிடம் இத்தகைய வண்டி இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றின் கந்தோர் கிளாக்கர் வாங்கிய றலி அது. அவரிடமிருந்து கணக்கப்பிள்ளை ஒருவர் வாங்கினார். நீல வர்ணம் பூசி, செயின் கவரிலே வெள்ளையில் தம் பெயரின் இரண்டு எழுத்துகளையும் ஒரு வேலையும் எழுதுவித்தார். 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு உரியவர்கள் என்று கணக்கிட்டது. அக்கணக்கிலே அந்தக் கணக்கப்பிள்ளையின் குடும்பமும் அகப்பட்டது. 1970களிலே ஒரு நாள் அவர்கள் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறினார்கள். வண்டியைத் தோட்டப் பாடசாலை ஆசிரியராயிருந்த நண்பரின் தந்தையாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். விலை பேசப்பட்டதா என்பது நண்பருக்கு நினைவில்லை. கடிதம் இரண்டு வந்தது, பிறகு வரவில்லை.

நண்பரின் மகன் கொழும்பிலே வேலை பார்ப்பவர். ஆர்வமும் கைப்பணமும் உடையவர். பாட்டனாரின் வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். பளபளக்கும் கறுப்பு, பொன்கோடு, பொன்னெழுத்து, கொக்கு. அதற்குத் தடையாக இருப்பது நீலம். நீலம் போனால் இரண்டு எழுத்தும் வேலும் போகும். “அவர் யாரென்றே நமக்குத் தெரியாதே, அப்பா” என்கிறார் மகன். தெரியாததனால்தான் அழிக்கத் தயக்கமாக இருக்கிறது என்கிறார் தந்தை. அந்த மனிதர் இருந்த வீட்டிலே இன்று வேறொருவர் இருக்கிறார். அவர் கணக்கெழுதிய செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்பார் இல்லை. அவர் அந்த மலையிலே இருந்தார் என்பதற்கு நண்பர் அறிய எஞ்சியிருப்பது ஒரு தகட்டின் மேல் உள்ள வெள்ளை எழுத்து இரண்டு.

மகன் பக்கத்திலே நியாயமில்லை என்று சொல்ல முடியாது. நொட்டிங்காமிலே அந்தக் குழாய்களை ஒட்டவைத்த தொழிலாளியும், பொன்கோட்டை நீண்ட மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பிலே இழுத்த கைவினைஞரும் பெயரற்றவர்களே. அவர்கள் வேலையின் அழகைக் கண்ணாரக் காண விரும்புவது குற்றமன்று. மேலும், தூரிகையால் தடவிய நீலம் கனமாகவும் அழுத்தமின்றியும் இருக்கிறது. அதன் கீழே துரு ஊர்கிறது. துரு உள்ள இடத்திலே வர்ணத்தைப் போற்றிக்கொண்டிருந்தால் கடைசியில் வர்ணமும் இராது, வண்டியும் இராது.

இத்தகைய வழக்கு நம் இலக்கிய உலகுக்குப் புதியதன்று. ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் இதையே எதிர்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையையும், அதே ஆண்டிலே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் வெளியிட்டபோது, அவர்கள் கையிலிருந்தவை ஆசிரியன் எழுதிய ஏடுகள் அல்ல. படியெடுத்தோர் கைபட்ட ஏடுகள். ஏடு எழுதினவன் சேர்த்ததும் விட்டதும் உண்டு. மூலத்தைத் தேடினார்கள், வேறுபட்ட பாடத்தைக் குப்பையிலே போடாமல் பாடபேதமாகப் பதிவு செய்யும் வழக்கத்தையும் ஐயர் வளர்த்தார். பின்வந்தவன் வேறு முடிவுக்கு வர விரும்பினால் அவனுக்கும் ஆதாரம் இருக்க வேண்டும் அல்லவா? வண்டியிலும் கணக்கப்பிள்ளையின் நீலம் ஒரு பாடபேதந்தான்.

கட்டடங்களைப் பேணுவோர் 1964 இல் வெனிஸ் நகரிலே கூடி வகுத்த பட்டயமும் ஏறத்தாழ இதையே சொல்லுகிறது. ஒரு கட்டடத்திலே பல காலத்தவர் சேர்த்த நல்ல பகுதிகள் எல்லாவற்றுக்கும் மதிப்புத் தர வேண்டும். இழந்ததற்குப் பதிலாகப் புதிதாக வைப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும். ஆயின் பழையது இது, புதியது இது என்று வேறறியவும் வேண்டும். இந்த இரண்டாம் விதியை வைத்துப் பார்த்தால், புதிய பொன்னெழுத்தை ஒட்டி, அதன் மேல் வார்னிஷ் பூசி, ‘1954 ஆம் ஆண்டு அசல்’ என்று காட்டுவது கள்ளப் பத்திரம் எழுதுவதற்கு ஒப்பாகும். பெயரில்லாத சட்டகத்துக்கு விலை ஏறட்டும் என்று றலிப் பெயர் ஒட்டுகிறவன் செய்வது அதனினும் ஒரு படி மேலான களவு.

புகையிரதப் பகுதியிலே வேறொரு முன்மாதிரி உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா 1954 இல் அனுப்பத் தொடங்கிய டீசல் இயந்திரங்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் வைக்கப்பட்டன: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான். அவற்றின் நிறம் எத்தனையோ முறை மாறிவிட்டது. ஒரு தலைமுறை கண்ட நிறத்தை மறு தலைமுறை காணவில்லை. பெயரை மட்டும் ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுதினார்கள். நிறம் ஓட்டுகிறவன் விருப்பம். பெயர் தந்தவனுக்கு உரியது என்ற எண்ணம் அதிலே இருப்பதாக எனக்குப் படுகிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை வர்ணமும் எழுத்தும் பாதியளவேனும் எஞ்சியிருக்கும் வண்டிக்குப் புது வர்ணமே வேண்டாம். சோப்பு நீரால் துடைத்து, மெழுகு தடவி ஓட்டுங்கள். எழுத்து முற்றாக மறைந்து, துருவும் ஏறிவிட்டதென்றால் வர்ணம் பூசத்தான் வேண்டும். அப்போது உலோகத்திலே உள்ள பெயர்கள் யாவும் நிற்கட்டும். ஒட்டிய பெயரைத் திரும்ப ஒட்டாமல் விடுவதே நேர்மை. இடையிலே வந்தவர்கள் எழுதிய பெயர் எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் தொடாதிருங்கள். சைக்கிள் நல்ல வேளையாகக் கழற்றி மாட்டக்கூடிய பொருள். செயின் கவர் ஒரு நிறமாகவும் சட்டகம் ஒரு நிறமாகவும் இருந்தால் வண்டி ஓடாமல் நின்றுவிடாது. பழைய உள்ளூராட்சி மன்றங்கள் சைக்கிள் வரி வாங்கிக்கொண்டு கொடுத்த சிறு தகடு எங்காவது தொங்கினால் அதையும் எறிய வேண்டாம்.

செய்முறையிலே சில எச்சரிக்கைகள் உண்டு. வர்ணத்தை உரிக்கக் கோஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பவர்கள் இலச்சினைத் தகட்டைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். தகடு அலுமினியமானால் அது கரைந்தே போகும். ஆணியைச் சுத்தியலால் பெயர்க்காமல் மெல்லிய துளைகருவியால் எடுக்க வேண்டும். மணலைப் பீச்சிச் சுத்தம் செய்வது விரைவான வழி. ஆனால் பொறித்த எண்ணை அது மழுங்கச் செய்யும். தமிழ்நாட்டுக் கோயில்களிலே மணல் பீச்சிக் கல்வெட்டுகளைக் கெடுத்த கதையை அறிந்தவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை. தூளை உருக்கிப் பூசும் இக்கால முறை உறுதியானதுதான். எனினும் அதன் கனத்திலே எண்ணும் மூட்டுகளின் விளிம்பும் புதைந்துவிடுகின்றன. பழைய வர்ணத்திலே ஈயம் கலந்திருக்கக்கூடும் ஆதலால் உலரத் தேய்த்துத் தூசியை மூச்சிலே ஏற்ற வேண்டாம்; நனைத்துத் தேய்க்க. தொடங்குவதற்கு முன் இருக்கைக்குக் கீழே கண்படாத ஓரிடத்தில் மட்டும் விரலளவு தேய்த்துப் பாருங்கள். நீலம், அதன் கீழ்ப் பச்சை, அதன் கீழ்க் கறுப்பு என்று மரத்தின் வளையம் போல் காலம் தெரியும். சூளையிலே சுட்ட அடிப்பூச்சு தூரிகைப் பூச்சைவிட உறுதியானதாகையால், மேற்பூச்சை மட்டும் பொறுமையாகக் கரைத்தெடுத்து அடியிலே மறைந்திருந்த எழுத்தைச் சில வேளைகளில் மீட்டுவிடவும் முடியும். அப்படி மீண்டெழும் எழுத்து கடையில் வாங்கும் எழுத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும்.

நண்பரின் வண்டி பதுளையிலே ஒரு வர்ணக்காரரிடம் போயிருந்தது. சட்டகத்தின் அடியிலே எழுத்து எதுவும் அகப்படவில்லை. தலைக்குழாயிலே நீலத்தின் கீழிருந்து கொக்கு வெளிப்பட்டது. ஒரு பக்கம் சற்று நசுங்கியிருந்தாலும் பித்தளை மின்னியது. சட்டகத்துக்கும் மட்காட்டுக்கும் கறுப்பு பூசியாயிற்று. செயின் கவரைத் தொட வேண்டாமென்று நண்பர் சொல்லியனுப்பியதால் அது நீலமாகவே திரும்பி வந்தது. கறுப்புக்கு நடுவிலே அது ஒட்டுப்போட்ட சட்டை போலிருக்கிறது என்று மகன் குறைப்படுகிறார், குறைப்படுவதும் பொய்யன்று. அவர் இங்கிலாந்துக்கு எழுதித் தருவித்த பொன்னெழுத்துத் தாள் இதற்கிடையில் தபாலிலே வந்து சேர்ந்துவிட்டது. உறை பிரிக்கப்படாமல் நண்பரின் மேசை இழுப்பறையிலே இருக்கிறது.